எந்த சுவிட்ச் எந்த அறைக்கு?

அந்த வாரம் லீட்ஸ் நகரத்தின் அந்தத் தெருவில் எல்லா வீட்டுக் கதவிலும் போலீஸார் ஒரு துண்டுப் பிரசுரம் செருகியிருந்தார்கள். எலக்ட்ரீஷியன், பிளம்பர் என்று சொல்லிக்கொண்டு பட்டப்பகலில் வீடு புகுந்து திருடும் ஆசாமிகள் நடமாடுகிறார்கள், எச்சரிக்கை!

பதினேழாம் எண் வீட்டில் நெவில் மூன்று முறை மணியடித்த பிறகுதான் கதவு நான்கு விரற்கடை திறந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"மிஸஸ் ஹாலிவெல்தானே? நான் நெவில். எலக்ட்ரீஷியன். ஃபியூஸ் பெட்டியில எந்த சுவிட்ச் எதுக்குன்னே தெரியல, லேபிள் ஒட்டணும்னு போன் பண்ணியிருந்தீங்களே."

"அடையாள அட்டை இருக்கா?"

நீட்டினான். அட்டைப் படத்தில் இருந்த தாடி முகத்தில் இல்லை.

"இது யாரு, உங்க அண்ணனா?"

"நான்தான் மேடம். பொண்டாட்டி எடுக்கச் சொல்லிட்டா."

"எல்லாத் திருடனும் ஏதாவது ஒரு கதை வெச்சிருப்பான். சரி, உள்ளே வா. கண்ணு உன் மேலயேதான் இருக்கும்."

மாடிப்படிக்குக் கீழே இருந்த சிறிய அலமாரிக்குள் பெட்டி இருந்தது. பத்து சுவிட்சுகள். ஒன்றில் மட்டும் யாரோ பென்சிலால் 'அடுப்பு?' என்று எழுதியிருந்தார்கள்.

தலையை உள்ளே நுழைத்தபடி நெவில் கேட்டான்: "வீட்ல வேற யாரும் இல்லையா மேடம்?"

"எதுக்குக் கேக்கறே?"

"ஒவ்வொண்ணா அணைப்பேன். எங்கே கரண்ட் போச்சுன்னு ஒருத்தர் பாத்துச் சொல்லணும். எல்லா விளக்கையும் போட்டுட்டு நீங்கதான் மாடிக்குப் போகணும்."

"நான் மேலே, நீ கீழே தனியா. ரொம்ப நல்ல ஏற்பாடு!"

முணுமுணுத்தாலும் படியேறினார்.

"முன் படுக்கையறை போச்சு!" என்று மேலிருந்து குரல் வந்தது. சற்றுப் பொறுத்து, "ஷவர் ஹீட்டர் போச்சு!"

கீழே நெவிலின் சீழ்க்கை அவ்வப்போது நின்றது, மறுபடி தொடங்கியது. வரவேற்பறையில் வெள்ளிக் கோப்பைகள் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன.

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பத்து சுவிட்சுக்கும் கொட்டை எழுத்தில் லேபிள். அம்மாள் ஒவ்வொன்றாகப் படித்துத் தலையாட்டினார்.

"கண்ணாடி இல்லாமலே படிக்க முடியுதே! சரி, பையைத் திற."

"மேடம்?"

"திறப்பா. போற போக்குல எதையாவது அள்ளிட்டுப் போயிட்டா?"

நெவிலின் முகம் காது வரை சிவந்தது. திருப்புளிகள், டெஸ்டர், லேபிள் மெஷின், பாதி கடித்த சீஸ் சாண்ட்விச். வேறெதுவும் இல்லை.

"கோவிச்சுக்காதே தம்பி. காலம் அப்படி இருக்கு."

அம்மாள் கோட்டை மாட்டிக்கொண்டு, கூடத்திலிருந்த இரண்டு பெரிய சூட்கேஸ்களைக் காட்டினார். "தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறேன். டாக்ஸி கிடைக்குமான்னு தெரியல."

நெவிலின் முகம் மலர்ந்தது. "எத்தனை நாளைக்கு மேடம்?"

"ஏன், வீடு எத்தனை நாள் காலியா இருக்கும்னு கணக்குப் போடறியா?"

"ஐயோ, சும்மா கேட்டேன்! என் வேன்லயே ஸ்டேஷன்ல இறக்கி விடறேன், வாங்க."

சூட்கேஸ்களை அவனே தூக்கி ஏற்றினான். முதுகு பிடித்துக்கொண்டது. "என்ன மேடம், உள்ளே கல்லா?"

"தங்கச்சிக்குச் சீர்வரிசை!" என்று சிரித்தார் அம்மாள்.

ஸ்டேஷனில் இறங்கியவர் அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு, "உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே!" என்றார். நெவிலுக்கு மனசு நிறைந்துவிட்டது. அவர் கூட்டத்தில் மறையும்வரை கையசைத்துவிட்டு வேனைக் கிளப்பியபோது போன் ஒலித்தது.

"நெவில்தானே? மிஸஸ் ஹாலிவெல் பேசறேன். மன்னிச்சிடுங்க தம்பி, பல் டாக்டர்கிட்ட மாட்டிக்கிட்டேன். பத்து மணியிலேருந்து பூட்டின வீட்டு வாசல்லயேவா நிக்கிறீங்க?"