இங்கே பிலிம் மட்டும்

“ஃபிரிட்ஜ் கம்பெனின்னு சொல்லுங்க. டிஜிட்டல்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க.”

டிக்கெட் கவுன்ட்டருக்குள்ளிருந்து சயோகோ கிசுகிசுத்தாள். தொமோயா தலையாட்டினான். கோட்டும் டையுமாக, கையில் கஷ்கொட்டை இனிப்புப் பெட்டியோடு, அவளைப் பெண் கேட்டு வந்திருந்தான்.

தியேட்டர்களுக்கு டிஜிட்டல் புரொஜெக்டர் விற்கும் மினாகி கம்பெனியில் அவனுக்கு வேலை. சயோகோவின் அப்பா குரியாமாவுக்கோ டிஜிட்டல் என்ற பேச்சே ஆகாது. ‘இங்கே பிலிம் மட்டும்’ என்று அவர் தியேட்டர் வாசலில் போர்டு தொங்கியது. அதை நம்பி டோக்கியோவிலிருந்து நாகானோவுக்கு ரயிலேறி வருகிற ரசிகர்கள் இருந்தார்கள்.

“போன தடவை பொண்ணு கேட்டு வந்தவர், படமெல்லாம் செல்போன்லயே பார்த்துடுவேன்னு சொன்னாரு. அப்பா அவருக்கு டீ கூட குடுக்கல” என்றாள் சயோகோ.

குரியாமா வந்தார். தொமோயா இடுப்பு வலிக்கிற அளவுக்குக் குனிந்து வணங்கினான்.

“ஃபிரிட்ஜ் கம்பெனியா? என்ன மாதிரி ஃபிரிட்ஜ்?”

“வந்து... கதவு வச்சது, சார்.”

குரியாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “டிஜிட்டல்ல பட்டனைத் தட்டிட்டு நூடுல்ஸ் சாப்பிடப் போயிடலாம், தம்பி. பிலிம் அப்படியில்ல. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ரீல் மாத்தணும். முப்பது வருஷமா தனி ஆளா மாத்தறேன். முதல்ல படத்தைப் பாருங்க, அப்புறம் பேசுவோம்.”

மாடிக்குப் போய்ப் படத்தைப் போட்டுவிட்டு வந்து, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பழைய கறுப்பு வெள்ளைப் படம். படம் முடிகிற வரை ஆரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாக உரித்து அவன் கையில் சுளைகளைத் திணித்தபடி இருந்தார்.

“அந்த இருட்டைப் பாருங்க. டிஜிட்டல்ல இந்தக் கறுப்பு வருமா?”

“வராது, சார்.”

“அந்த அம்மா முகத்துல வெளிச்சம் விழுது பாருங்க. உயிரோட இருக்குல்ல?”

“இருக்கு, சார்.”

முதலில் பயத்தில்தான் அப்படிச் சொன்னான். போகப் போக உண்மையாகவே அப்படித் தோன்றியது. ஐந்து வருடமாக ஊர் ஊராகப் போய், இப்படி ஒரு அழகைத்தான் கழற்றி எறியச் சொல்லி வந்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டான். இந்த மனிதரிடம் பொய் சொல்லிவிட்டு அவர் மகளைக் கட்டிக்கொள்ள அவனால் முடியாது.

விளக்குகள் எரிந்தன. கூட்டம் கலைந்ததும் தொமோயா எழுந்து நின்று மறுபடி குனிந்தான்.

“மன்னிச்சுக்குங்க, சார். நான் ஃபிரிட்ஜ் கம்பெனி இல்ல. டிஜிட்டல் புரொஜெக்டர் கம்பெனி.”

கதவருகே நின்றிருந்த சயோகோ, “போச்சு” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

குரியாமா கடைசிச் சுளையை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

“எந்தக் கம்பெனி?”

“மினாகி, சார்.”

“விக்கறதா, ரிப்பேரா?”

“ரெண்டும்தான், சார். ஆனா இன்னிக்கு இதைப் பார்த்ததுக்கப்புறம் என் வேலையை நெனச்சா எனக்கே வெக்கமா இருக்கு.”

“அப்பா, அவர் மேல தப்பில்ல. நான்தான் பொய் சொல்லச் சொன்னேன்...”

“நீ கவுன்ட்டரைப் பாரு.” குரியாமா எழுந்தார். “தம்பி, நீங்க மேல வாங்க.”

மாடியிலிருந்த ஆபரேட்டர் அறைக்குள், தூசி படும் என்று இரண்டு வருடமாக அவர் சயோகோவைக்கூட விட்டதில்லை. தொமோயா உள்ளே நுழைந்ததும் அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கல்யாணம்தான் இல்லையென்று ஆகிவிட்டது, இனி எங்கே அடி விழும் என்பதுதான் தெரியவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

குரியாமா ஜன்னலோர மூலையில் மறைப்பாகத் தொங்கவிட்டிருந்த துணியை விலக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க கம்பெனி மெஷின்தான், மாப்ளே... ஒரு மாசமா ஃபேன் கத்துது, வெளியாளைக் கூப்பிட வழியில்ல!”