மதில் சூடிய பெண்

"இது எங்க கிடைச்சுதுண்ணே?"

வெற்றிவேலுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கேட்ட பெண்ணின் சிரிப்பு அதைவிடப் பிடிக்கவில்லை.

நேற்றுதான் செஞ்சி கடைவீதியில், பாத்திரக் கடைக்காரரிடம் அந்த வெண்கலக் காசைக் காட்டினான். இன்று காலையிலேயே ஸ்கூட்டியில் அவன் ஊரான வல்லம் வரை வந்து நிற்கிறாள். பெயர் கலைமதியாம். பழங்காசுகளைப் பதிவு செய்கிறாளாம்.

காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம், தலையில் இலை மாலை கட்டிய ராஜா. மறுபக்கம், பாறைமேல் உட்கார்ந்த பெண். அவள் தலையில் கிரீடத்துக்குப் பதில் கோட்டை மதில். காலடியில் ஒருவன் நீந்துகிறான்.

"ரோமாபுரி ராஜாங்க ஆண்ட ஒரு ஊரோட காசுண்ணே. இவ அந்த ஊர்த் தெய்வம். ஊரைக் காக்குறவ, அதான் மதிலையே தலையில வச்சிருக்கா. நீந்துறவன் அந்த ஊர் ஆத்துத் தெய்வம். நிலத்துல கிடைச்சுதா?"

வெற்றிவேல் உஷாரானான்.

நிலத்தில்தான் கிடைத்தது. மல்லாட்டை விதைக்க உழுதபோது. ஆனால் சொல்லிவிட முடியுமா? செஞ்சிக் கோட்டையை ஒட்டி வீடு வைத்திருக்கும் மச்சான், ஒரு குளியலறை கட்டத் தொல்லியல் துறையிடம் அனுமதி கேட்டு இரண்டு வருடமாக அலைகிறான். இங்கே விஷயம் தெரிந்தால் கொல்லை நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, போர்டு நட்டுவிடுவார்கள். அந்த முக்கால் ஏக்கரை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பில்லை.

"கோட்டை வாசல்ல வாங்குனதும்மா. அம்பது ரூபா. டூப்ளிகேட்டுன்னு சொல்லித்தான் குடுத்தான்."

அவன் மனைவி ஷோபனா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, நம்ம கொல்லையில..."

"அடுப்புல இன்னாவோ தீயுது, போய்ப் பாரு!"

கலைமதி நோட்டில் 'போலி' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டாள். போட்டான். அப்பாடா என்றிருந்தது.

"டூப்ளிகேட்தானே, நான் எடுத்துக்கவா? உங்க அம்பது ரூபாயைத் தந்துடுறேன்."

மாட்டேன் என்று சொன்னால் சந்தேகப்படுவாள். தலையாட்டி, ரூபாயை வாங்கிக்கொண்டான்.

பையிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றிலும் பஞ்சுக்கு நடுவே பச்சைக் களிம்பேறிய ஒரு பழைய காசு.

காலியாயிருந்த ஒரே குழியில் இதைப் பதமாக வைத்து, மேலே பஞ்சை மூடினாள்.

"தளவானூர்ல மூணு பேர், சீயமங்கலத்துல ரெண்டு பேர்," என்றாள் வண்டியைக் கிளப்பியபடி. "எல்லாருமே கோட்டை வாசல்லதாண்ணே வாங்கியிருக்காங்க."