சுருங்காத தலை

சுட்டால் களிமண் சுருங்கும், அதில் பொய் கிடையாது. அதனால்தான் சிற்பி தன் கணவனின் தலையை அளந்து, சற்றுப் பெரிதாகவே செய்து சுட்டாள். சூளையைத் திறந்தபோது அது வைத்த அளவிலேயே இருந்தது.

“மண்ணு விக்கிறவன் ஏமாத்திட்டான்!” என்று திட்டினாள்.

கணவன் வந்தான். “ஏண்டி, என் கண்ணாடியை என்ன பண்ணின? குனிஞ்சா கழண்டு விழுது.”

“உங்க மூக்குல எதுதான் நிக்கும்?” என்று சிரித்தபடி அளவு நாடாவை அவன் தலையில் சுற்றினாள். மண் சுருங்க வேண்டிய அளவு அங்கே குறைந்திருந்தது.

ஓடிப்போய்ப் பக்கத்திலிருந்த தன் இன்னொரு சூளையை அணைத்தாள். அணைத்தாலும் சூடு இறங்க நாளையாகும். அதில் அவன் மார்பு வெந்துகொண்டிருந்தது.

“சன்னலைத் திற,” என்றான் அவன். “நெஞ்சை என்னவோ இறுக்குது.”