கூரையில் நான்கு ஓட்டைகள்

குடும்பத்தோடு சுற்றுலா போகும் கேரவன் வண்டியின் கூரையிலிருந்து மெக்கானிக் இறங்கி வந்தார். கீழே கணவனும் மனைவியும் மாமியாரும் காத்திருந்தார்கள்.

"சார், மேல போட்டிருக்கிற ரப்பர் ஷீட் இன்னும் பத்து வருஷத்துக்கு அசையாது. ஓரத்துல பசைகூட விடல."

"அப்புறம் ஏன் எங்கம்மா படுக்கையில மட்டும் மழை கொட்டுது? நாளைக்குக் கிளம்பணும். அவங்க வர மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

"அந்த இடத்துல யாரோ ட்ரில்லால நாலு ஓட்டை போட்டிருக்காங்க. நல்ல சுத்தமான வேலை சார்!"

கணவன் திரும்பி மனைவியை முறைத்தான். "எங்கம்மாவைக் கண்டா உனக்கு ஆகாதுதான். அதுக்காக இப்படியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் குறுக்கே வந்தார்.

"அவளை ஏன்டா திட்டுற? நீ ஆபீஸ் போனதும் ஏணி போட்டு ஏறினது நான்தான். எல்லா டூர்லயும் நீ ஊர் சுத்துற, நான் இந்தப் பெட்டிக்குள்ள சமைச்சுக் கொட்டுறேன். இந்தத் தடவையாவது வீட்ல காலை நீட்டிப் படுக்க விடு!"

மெக்கானிக் ஓட்டைகளை அடைக்கப் பசை டப்பாவைத் திறந்தார்.

"அடைக்காதீங்கண்ணே," என்றாள் மனைவி. "அப்படியே என் படுக்கைக்கு மேலயும் ஒரு நாலு போட்டுடுங்க."