சாவு வீட்டுச் சம்மதம்

அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பியதும் மழை அலுவலகத்திலிருந்து என் கைப்பேசியில் கேள்வி வந்தது: "இன்று உங்கள் ஊருக்கு மழை முறை. பெய்யலாமா?"

ஊரில் சாவு விழுந்தால் அந்த வீட்டைக் கேட்டுத்தான் மழையை இறக்குவார்கள். மறுத்தால் முறை பக்கத்து ஊருக்குப் போய்விடும். வயலெல்லாம் கதிர் வாடிக் கிடந்தது. ஊரே என்னைப் பார்த்தது.

"சரின்னு அமுக்கு மாப்ள," என்றார் சிங்கமுத்து மாமா.

"இன்னும் நெருப்பே சரியாப் பிடிக்கல மாமா. அணைஞ்சிரும்."

"ஒங்கப்பா வெதச்ச நெல்லுந்தான காயுது."

நான் மறுத்தேன். யாரும் திட்டவில்லை. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் மழை கொட்டியது. மண்வாசனை மட்டும் இங்கே வந்தது.

மறுநாள் காடாற்றுக்குப் பால்செம்போடு நான் மட்டும் சுடுகாட்டுக்குப் போனேன். எலும்பு பொறுக்க ஒருவரும் வரவில்லை.

அப்பா முழுசாக வெந்திருந்தார்.