மூன்று மணிச் சத்தம்

"நூலகத்துல போய் யாராவது மத்தியானம் மூணு மணிக்கு வாக்குவம் கிளீனர் போடுவாங்களா சார்? படிக்க வர்றவங்க காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க!"

துணை நூலகர் புகாரை நாலு பக்கத்துக்கு எழுதியே கொண்டுவந்திருந்தார். தலைமை நூலகர் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, துப்புரவு வேலை பார்க்கும் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

அந்த நாலு பக்கத்தில் எழுதாத காரணம் ஒன்று இருந்தது. துணை நூலகருக்குத் தலைவலி. தைலம் தடவினால் போகிற ரகம் இல்லை. டாக்டர் அதற்குக் 'கொத்துத் தலைவலி' என்று பெயர் வைத்தார். பழுக்கக் காய்ச்சிய கம்பியை வலது கண்ணுக்குப் பின்னால் செருகித் திருகுவதுபோல் இருக்கும். அந்த ஒரு கண்ணில் மட்டும் நீர் கொட்டும். உட்கார முடியாது, படுக்கவும் முடியாது. முக்கால் மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுப் போய்விடும். மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்ப வரும்.

"எதனால டாக்டர் வருது?"

"பருவம் மாறினா வரலாம். வேலை, வீடு, தூங்கற நேரம் மாறினாலும் வரலாம். சில பேருக்கு எதுவுமே மாறலேன்னாலும் வரும்."

"ரொம்பத் தெளிவா சொல்லிட்டீங்க டாக்டர்."

பத்து வருஷமாக முதல் மழையோடு வந்து, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகும். அதற்கென்றே லீவைச் சேர்த்துவைப்பார். இந்த வருஷம் வானிலைக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது. லீவு போட்டு, தலையில் ஈரத்துண்டோடு ஜன்னலோரம் காத்திருந்தார். மழையும் வரவில்லை, தலைவலியும் வரவில்லை.

"நல்லாத்தானே இருக்கீங்க? அந்தப் பரண்ல கிடக்கற சாமானையாவது இறக்கிக் கொடுங்க," என்றாள் மனைவி.

மாதம் முழுக்கப் பரண், கொல்லை, குழாய் ரிப்பேர். லீவு முடிந்து வேலைக்குப் போன அன்றைக்கே மழை கொட்டியது. சரியாக மூணு மணிக்குத் தலைவலியும் வந்துவிட்டது.

வெளியே சொல்ல முடியாது. முன்பு வேலை பார்த்த இடத்தில் அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டதை ஒருத்தர் பார்த்துவிட, 'ஆளுக்கு மண்டை குழம்பிடுச்சு' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த வேலையும் போனால் குடும்பம் நடுத்தெருவில்தான்.

அதனால் தினமும் மூணு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே, கிழிந்த புத்தகம் இரண்டை எடுத்துக்கொண்டு பழைய பத்திரிகை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுக்கூட வெளியே கேட்காமல் சமாளித்துவிடுவதாக அவருக்கு நினைப்பு.

காரணத்தைத் துப்பறிய ஒரு நோட்டும் போட்டார். முதலில் காபி மேல் சந்தேகம். ஒரு வாரம் காபியை நிறுத்தியதில் தலைவலி அப்படியே இருந்தது, வீட்டில் நிம்மதிதான் போனது. அடுத்து தலைமை நூலகரின் சென்ட். அவர் ஊருக்குப் போயிருந்த நாளிலும் வலித்தது. கடைசியில்தான் கவனித்தார். தினமும் தலைவலி வரும் அதே மூணு மணிக்கு, அறை வாசலில் வாக்குவம் கிளீனர்! குற்றவாளி கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

அக்கா வந்து நின்றாள்.

"காலையில கதவு திறக்கறதுக்கு முன்னாடி போடவேண்டியதை மூணு மணிக்கு ஏன் போடறீங்க?" என்று கேட்டார் தலைமை நூலகர்.

அக்கா ஒரு தரம் துணை நூலகரைப் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் தப்புதான் சார்."

"இன்னொரு தடவை போட்டீங்கன்னா வேலையை விட்டே நிறுத்திடுவேன்."

"சரிங்க சார்."

துணை நூலகர் அன்றே நோட்டில் சிவப்பு மையால், 'காரணம் கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். தனக்கு ஒரு டாக்டர் பட்டமே கொடுக்கலாம் என்று தோன்றியது.

மறுநாளும் பழக்கதோஷத்தில் அறைக்குள் போய் உட்கார்ந்தார். மணி மூன்று. வெளியே அப்படி ஒரு அமைதி. சிரித்துக்கொண்டார்.

சிரித்து முடிப்பதற்குள் கம்பி இறங்கிவிட்டது.

எழுந்தார், நடந்தார், அலமாரியில் தலையை முட்டினார். அப்போது ஒரு சத்தம் கேட்டது. அடிபட்ட மாடு கதறுவதுபோல. யார் இப்படிக் கத்துகிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது. தன் வாயிலிருந்துதான் வருகிறது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். சத்தம் அப்படியும் நிற்கவில்லை. படிக்கும் கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. காலடிகள் கதவை நோக்கி வந்தன.

"உள்ள யாருய்யா அழறது?"

"கதவை உடைச்சுடலாமா?"

தொலைந்தோம், இந்த வேலையும் போச்சு என்று தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வாக்குவம் கிளீனர் முழு வேகத்தில் அலறியது.

தலைமை நூலகர் ஓடிவந்து கத்தினார். "நேத்துதானே சொன்னேன்? உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"கோவிச்சுக்காதீங்க சார்," என்றாள் அக்கா. "அந்த அழுகைச் சத்தம் இந்த மிஷின்ல இருந்துதான் வருது. இன்னும் நாப்பது நிமிஷத்துல தானா அடங்கிடும்."