மலைக்குப் போனவள்

"வேன் எதுக்குங்க? ரம்புக்கனையில மூணாங்கிளாஸ் ரயில் ஏறி, பொல்காவலையில மாறி, மாகோவுல எறங்குனா மிச்சம் நடைதான்" என்றாள் கோகிலா, இலங்கையிலிருந்து போனில்.

டோஹாவில் கட்டிலில் சாய்ந்திருந்த யோகராஜ் சிரித்தான். யாப்பகூவ மலையில் ராஜா காலத்துக் கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. கல்யாணமான புதிதில் அவளை அங்கே கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறியவன் அவன். மூன்று வருஷமாகிவிட்டது.

"அடுத்த லீவுக்குக் கண்டிப்பா போவோம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. சரி, வைக்கிறேன். வெள்ளன எழும்பி மலைக்குப் போகணும்."

அவள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் மலைக்குப் போவதென்றால் கொழுந்து பறிக்கப் போவதுதான்.

"அட்டை கடிக்கும். காலுக்குச் சவுக்காரம் தேச்சிக்க" என்றான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அழைத்தான்.

"எங்க இருக்க?"

"மலையில." அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எத்தன கிலோ எடுத்த?"

"ஒண்ணுமே எடுக்கல."

"கங்காணி ஏசப் போறாரு!"

"இங்க ஏதுங்க கங்காணி? படிக்கட்டுக்கு மேல ரெண்டு கல்லுச் சிங்கந்தான் நிக்குது."

யோகராஜ் சாப்பாட்டைத் தள்ளி வைத்தான். "நான் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா, கோகி?"



"ஒங்களுக்கும் சேத்துத்தான் ரொட்டி சுட்டுக் கொண்டாந்திருக்கேன்" என்றாள். "இந்தச் சிங்கம் எழுநூறு வருஷமாப் பொறுத்திருக்கு. அது கல்லுங்க."